குழம்பு மட்டுமாவது ஊத்திக்கோ

கஸ்தூர்பா காந்தி தன் கணவருடன் சாப்பாட்டைப் பற்றி எத்தனையோ முறை வாதாடியிருக்கிறார். அவற்றில் மிகச் சுருக்கமான வாதம் 1919-ன் தொடக்கத்தில் பம்பாயில் நடந்தது. முந்தைய ஆண்டு கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க அலைந்த காந்தி, சீதபேதி கண்டு படுத்தார். மாதக்கணக்கில் உடம்பு தேறவில்லை. அவருக்கு மூலப் பகுதியில் அறுவை செய்த டாக்டர் தலால், பால் குடிக்காவிட்டால் இந்த உடம்பை மீட்க முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தியோ 1912-லேயே தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைத் துறந்தவர். பசுவிடமும் எருமையிடமும் கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காகச் செய்யப்பட்ட 'பூக்கா' என்ற கொடுமையைக் கேள்விப்பட்டதிலிருந்து பால் என்றாலே அவருக்கு அருவருப்பு. அதை அவர் டாக்டரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூர்பா குறுக்கிட்டார்: அப்படியானால் ஆட்டுப்பாலுக்கு என்ன ஆட்சேபம்?

டாக்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காந்தி பணிந்தார். அதற்கு முன் அவர் பாலுக்கு மாற்றாகப் பயற்றம்பருப்புத் தண்ணீர், இலுப்பை எண்ணெய், பாதாம்பால் என்று எல்லாவற்றையும் குடித்துப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டுப்பால் குடித்த பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரைக் கொன்றுவிட்டதாகவே அவர் மனம் உறுத்தியது. சுயசரிதையில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கஸ்தூர்பா செய்த ஒரு காரியம் இங்கே கவனிக்க வேண்டியது. கணவரின் கொள்கை முட்டாள்தனம் என்று அவர் சொல்லவில்லை. மறுப்புக்குக் கணவர் சொன்ன காரணத்தை முழுசாகக் கேட்டார். காரணம் மாட்டுக்கு இழைக்கப்படும் கொடுமை என்றால், அது எட்டாத ஒரு வழியைக் காட்டினார். இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடக்கும் சாப்பாட்டுச் சண்டைகளில் இந்தக் கேட்டல்தான் இல்லை. கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போன பிள்ளை விடுமுறைக்கு வந்து, "இனிமே கறி, மீன், முட்டை எதுவும் வேண்டாம், பால், தயிர்கூட வேண்டாம்" என்கிறது. அப்பத்தா இடிந்துபோகிறார். "என்னத்தா, கறியும் திங்க மாட்டேங்கிற, முட்டையும் வேணாங்கிற, அப்புறம் ஒடம்புல எங்கிட்டிருந்து தெம்பு வரும்?" பேத்தி கைப்பேசியை எடுத்து ஏதோ ஒரு காணொளியைக் காட்டத் தொடங்குகிறாள். அடுத்த பத்து நிமிடங்களில் இருவரும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014-ல் நடத்திய கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுபவர்கள் என்று தெரியவந்தது. ராஜஸ்தானில் இதற்கு நேர்மாறு. அங்கே நான்கில் மூன்று பேர் சைவம். இந்த எண்ணைக் கேட்பவர்களுக்குத் தமிழர்கள் நாள்தோறும் கறி தின்பவர்கள் என்று தோன்றும். வீட்டில் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. செவ்வாய், வெள்ளி கிடையாது. அமாவாசை, கிருத்திகை கிடையாது. புரட்டாசி முழுக்கப் பல வீடுகளில் கிடையாது. மாலை போட்டால் ஒரு மண்டலம் கிடையாது. மீதி நாட்களில் ஞாயிறு கறி, இடையில் ஒரு நாள் மீன், ஆளுக்கு ஒரு முட்டை. நான்கு பேர் உள்ள வீட்டில் அரைக் கிலோ ஆட்டுக்கறி எடுத்து, எலும்பு போக, ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தது போக, சமைத்தவள் தட்டில் விழுவது இரண்டு துண்டும் குழம்பும்தான். அசைவக் குடும்பத்தின் சாப்பாட்டிலும் பெரும்பகுதி செடியிலிருந்து வருவதுதான். அப்பத்தாவும் பேத்தியும் நினைப்பதைவிட அவர்கள் தட்டுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை.

ஆக, அப்பத்தாவின் முதல் வாதமான தெம்பு பற்றிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது சுமார் 46 கிராம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் கோழிக்கறியில் சுமார் 20 கிராம். மறுபக்கம், நாள் முழுவதும் இட்லி, சோறு என்று 250 கிராம் தானியம் உள்ளே போனால் அதிலேயே 18 கிராம் வந்துவிடும். 60 கிராம் பருப்பில் 13 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். கணக்கு தேறிவிடுகிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு அதை ஈடுகட்டுகிறது. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த நம் ஆட்கள் இந்தப் பெயர்களைக் கேட்டிருக்கவில்லை. கைப்பக்குவத்தில் விடை வந்துவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 60 கிராம் பருப்பு என்றால், அது கரண்டி நிற்கும் சாம்பார். விடுதியிலும் உணவகத்திலும் ஊற்றப்படும் தண்ணீர்ச் சாம்பாரில் அதில் பாதிகூட இருக்காது. கறியை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காமல், ரசமும் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலுமாகச் சாப்பிடும் பேத்தியைப் பார்த்துத்தான் அப்பத்தா பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. சுண்டலும் கடலையும் பச்சைப்பயறும் நாள்தோறும் தட்டில் இருந்தால் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. கண்ணால் பார்க்கக்கூடிய பதில் அதுதான், காணொளியால் ஆகாது.

அடுத்தது ரத்தம். மதுரைப் பக்கத்தில் ரத்தசோகை என்றால் உடனே சுவரொட்டி வாங்கி வரச் சொல்வார்கள். ஆட்டின் மண்ணீரல் அது. இரும்புச்சத்து நிறைந்த உறுப்பு. அதை வதக்கிக் கொடுத்த பாட்டிமார்கள் சரியான பொருளைத்தான் கொடுத்தார்கள். கறியிலும் ஈரலிலும் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி 'ஹீம்' வகை. குடல் அதை எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்பு வேறு வகை. அதிலிருந்து உடலுக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு. தானியத் தவிட்டில் உள்ள ஃபைட்டேட்டும் தேநீரில் உள்ள டானினும் அதையும் தடுத்துவிடும். முருங்கைக்கீரையில் இத்தனை மில்லிகிராம் இரும்பு என்று பட்டியல் காட்டும் சைவப் பிரசாரகர்கள் உறிஞ்சும் அளவைச் சொல்வதில்லை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளினாலே பலன் உண்டு. பயறை முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறையும்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அசைவம் சாப்பிடும் மாநிலத்தில் இது நடக்கிறது! வீட்டில் கறிக்குழம்பு கொதிப்பதால் மட்டும் அந்த வீட்டுப் பெண்ணின் ரத்தத்தில் இரும்பு ஏறிவிடாது. அவள் தட்டில் எத்தனை துண்டு விழுந்தது, மாதவிடாயில் எவ்வளவு ரத்தம் போகிறது, எத்தனை பிரசவம் பார்த்தாள், வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. "கறி திங்காததாலதான் உனக்கு ரத்தம் இல்ல" என்று பேத்தியிடம் சொல்லும் வீட்டில், கறி தின்னும் அம்மாவுக்கும் ஒரு முறை ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

அப்பத்தாவின் எல்லா வாதங்களையும்விட வலுவான ஒன்றை அப்பத்தா சொல்வதே இல்லை, அது அவருக்குத் தெரியாது என்பதால். வைட்டமின் பி12.

1920-கள்வரை 'பெர்னிஷியஸ் அனீமியா' என்ற ரத்தசோகை வந்தவர்கள் பிழைப்பது அரிது. அமெரிக்காவில் ஜார்ஜ் மினோட்டும் வில்லியம் மர்ஃபியும் 1926-ல் அந்த நோயாளிகளுக்கு நாள்தோறும் நிறைய ஈரலைச் சாப்பிடக் கொடுத்தார்கள். நோயாளிகள் எழுந்து நடமாடினார்கள். நாய்களை வைத்து இதற்கு முன்னோடி ஆய்வு செய்த ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து, 1934-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க 1948 ஆயிற்று. அதன் அமைப்பை எக்ஸ்ரே மூலம் கண்டறிந்தவர் டாரதி ஹாட்ஜ்கின். 1964-ல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அதுவும் ஒரு காரணம். பி12-ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செய்து கொடுப்பது ஆட்டின் ஈரலில் சேர்கிறது. அதைச் சாப்பிடும் நமக்கு வந்து சேர்கிறது.

நமக்குத் தேவை ஒரு நாளைக்கு இரண்டு மைக்ரோகிராம் சொச்சம், கண்ணுக்கே தெரியாத அளவு. பால், தயிர் சாப்பிடும் சைவர்களுக்கு ஓரளவு கிடைத்துவிடும். அதுவும் பலருக்குப் போதுவதில்லை. பாலையும் விட்டவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம். பழைய சோற்றில் இருக்கிறது, இட்லி மாவில் இருக்கிறது, ஸ்பைருலினா பாசியில் இருக்கிறது என்றெல்லாம் சொல்வதை நம்பி உடம்பைப் பணயம் வைக்கக் கூடாது. ஸ்பைருலினாவில் பெரும்பாலும் இருப்பது மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். நம் ஈரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருப்பதால், "ரெண்டு வருஷமா இப்படித்தான் சாப்பிடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் எதையும் நிரூபிக்காது. சேமிப்பு தீர்ந்த பிறகு களைப்பு, பாதத்தில் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மறதி என்று மெல்ல வரும். நரம்புப் பாதிப்பு முற்றினால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். தாவர உணவுக்கு மாறும் ஒருவர் வீட்டில் வாதத்தைத் தொடங்கும் முன்பே, "இந்த ஒன்றுக்கு நான் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவது நேர்மை. மாத்திரை விலை மலிவு. அதிலுள்ள பி12-ம் நுண்ணுயிர் வளர்ப்பில் எடுப்பதுதான். எந்த உயிரும் கொல்லப்படுவதில்லை.

பி12 அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அப்பத்தாவுக்கும் தேவைப்படலாம். வயதாக ஆக வயிற்றில் அமிலம் குறைந்து, உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்கும் திறன் குறைகிறது. சர்க்கரை நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அது இன்னும் குறையும். ஞாயிறுதோறும் கறி சாப்பிட்டும் கால் மரத்துப்போகும் பெரியவர்கள் எத்தனையோ பேர். சர்க்கரையால்தான் என்று விட்டுவிடுகிறார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே நாளில் ஒரே ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், அதன் பிறகு நடக்கும் பேச்சில் இரண்டு பேருக்குமே கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.

பேத்தியின் பக்கத்திலும் ஆட்டம் காணும் வாதங்கள் உண்டு. அவற்றில் முதலிடம் பிராய்லர் கோழிக்கு. ஹார்மோன் ஊசி போட்டுக் கோழியை ஊதவைக்கிறார்கள், அதனால்தான் பெண்பிள்ளைகள் சீக்கிரம் பூப்படைகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது கட்டுப்படியாகாத வேலை, தேவையும் இல்லை. பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததும் கணக்கிட்டுக் கொடுக்கும் தீவனமும் சேர்ந்துதான் கோழியை ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆக்குகின்றன. உண்மையான கவலை நோயெதிர் மருந்துகள். மனிதருக்கு வேறு எந்த மருந்தும் வேலை செய்யாதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கோழிகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான விலங்குகளுக்கு அதைக் கொடுக்கத் தடை விதித்தது. கூண்டில் இறக்கை விரிக்க இடமில்லாமல் வாழும் முட்டைக்கோழிகளின் நிலையும் உண்மை. நாமக்கல் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். உண்மையே இவ்வளவு கனமாக இருக்கும்போது பொய்யான ஊசிக் கதையைச் சொன்னால், அது பொய் என்று தெரிந்த சித்தப்பா மீதி எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

புற்றுநோய் வாதமும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது. சாசேஜ், ஹாம், பேக்கன் போன்றவை இதில் அடங்கும். நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்பது கணக்கு. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பு இறைச்சி 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கலாம்' என்ற அடுத்த பட்டியலில் வைக்கப்பட்டது. அந்த அறிவிப்பு கோழியையும் மீனையும் பற்றியதல்ல. வாரம் ஒரு முறை மீன்குழம்பு சாப்பிடும் பெரியம்மாவிடம் "கறி சாப்பிட்டா கேன்சர்" என்று சொல்வது அறிவியலும் அல்ல, மரியாதையும் அல்ல.

பிரிட்டனில் சுமார் 48,000 பேரை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஈபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் முடிவுகளை இரு தரப்பும் பாதி பாதியாக எடுத்துக்கொள்கிறார்கள். 2019-ல் வெளியான அந்த முடிவுப்படி, இறைச்சி சாப்பிடுபவர்களைவிடச் சைவர்களுக்கு இதயநாள அடைப்பு நோய் 22 சதவீதம் குறைவு. பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். அடுத்த ஆண்டு வெளியானதில், பாலும் சாப்பிடாதவர்களுக்கு எலும்பு முறிவு ஆபத்து 43 சதவீதம் அதிகம் என்று வந்தது. கால்சியமும் புரதமும் குறைந்ததும், உடல் எடை குறைவாக இருந்ததும் அதில் ஒரு பகுதியை விளக்கின, முழுவதையும் அல்ல. பாலை விடுபவர்கள் கேழ்வரகையும் எள்ளையும் கீரையையும் பிடித்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே எடைப் பாலில் 120 மில்லிகிராம் அளவே. எலும்பு வலுக்க ஆட்டுக்கால் சூப்பு என்று சொல்வார்கள். அந்தச் சூப்பில் கரைந்து வரும் கால்சியம் சொற்பம். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில்தான் கால்சியம் அதிகம்.

பூமியின் கதையையும் சொல்லியாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் ஜோசஃப் பூர், சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்து 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். மனிதர் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய கால்பங்கு உணவு உற்பத்தியிலிருந்து வருகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மாட்டிறைச்சி மற்றெல்லாவற்றையும் மிஞ்சுகிறது. ஆனால் அதே கணக்கில் பாலாடைக்கட்டி கோழிக்கறியை மிஞ்சிவிடுகிறது. முட்டை அதற்கும் கீழே. நீர் நிற்கும் நெல்வயலும் மீத்தேனை விடுகிறது. பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டுக் கோழிக்குழம்பு சாப்பிடும் அண்ணனுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பது இந்தக் கணக்கில் நிற்காது. உயிர் மேல் இரக்கம் என்று சொல்லும்போதும் பாலின் கேள்வி வந்துவிடும். பசு கன்று ஈன்றால்தான் பால். ஈன்றது காளைக்கன்றாக இருந்தால் அதை வளர்க்க இன்று பால்பண்ணைக்கு வழியில்லை. தலைமுறைகளாகச் சைவமாக இருக்கும் வீடுகளில் தயிர்ச் சாதத்தையும் ஃபில்டர் காபியையும் விட்டு எழும் பிள்ளைகள் அம்மாவிடம் கேட்பது இதைத்தான். அங்கே நம்ப மறுப்பது அசைவ அப்பத்தா அல்ல, ஆயுள் முழுக்கச் சைவமாக இருந்த பாட்டி.

இவ்வளவு பேசியும் இரண்டு தரப்பும் தொடாத ஒன்று தட்டின் நடுவில் குவிந்து கிடக்கிறது: சோறு. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வு மதிப்பிட்டது. பட்டைதீட்டிய தானியத்தை அதிகம் உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைச் சென்னையில் செய்யப்பட்ட ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் பாதிக்கும் மேல் மாவுச்சத்து, புரதம் கொஞ்சம். இரண்டு துண்டு கறியோடு மலைபோலச் சோறு தின்பவரும், கறியைத் தள்ளிவிட்டு அதே சோற்றைச் சாம்பாரோடு தின்பவரும் ஒரே டாக்டரிடம்தான் போய்ச் சேர்கிறார்கள். சைவமா அசைவமா என்ற சண்டையில் செலவாகும் ஆவேசத்தில் ஒரு பங்கு, சோற்றைக் குறைத்துப் பயற்றையும் காயையும் கூட்டுவதற்குப் போயிருந்தால் இரண்டு பேர் உடம்புக்கும் நல்லது. அந்த மாற்றத்துக்கு யாரும் யாரிடமும் தோற்க வேண்டியதில்லை.

உடம்பைப் பற்றிய பேச்சு முடிந்த பிறகும் அப்பத்தாவின் முகம் தெளியாது. ஏனென்றால் அவர் வருத்தம் புரதத்தில் இல்லை. குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி, பங்காளிகள் ஒன்றாக உட்கார்ந்து இலையில் கறிச்சோறு போடும்போது ஒரு பிள்ளை எழுந்து போனால், பந்தியில் ஓர் இடம் காலியாகிறது. சாமிக்குப் படைத்ததை மறுப்பது அவர் கணக்கில் உறவை மறுப்பது. அதற்கும் கீழே இன்னொரு காயம் இருக்கிறது. இந்த ஊரில் சைவம் என்பது வெறும் சாப்பாடாக என்றைக்குமே இருந்ததில்லை. சாதியின் உயர்வு தாழ்வு அதோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. சென்னையில் வீடு தேடும்போது 'சைவர்களுக்கு மட்டும்' என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் உண்டு. கருவாட்டு வாசனைக்காகப் பள்ளியில் கேலி செய்யப்பட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் மகள் வந்து கறி அசிங்கம் என்பது போலப் பேசினால், பெற்றவர்களுக்கு அது தங்கள் மீதான கூச்சமாகவே கேட்கும்.

தமிழ் மரபைத் துணைக்கு இழுப்பவர்களுக்கும் அது முழுசாக ஒத்துழைப்பதில்லை. திருக்குறளின் 26-ஆம் அதிகாரம் புலால் மறுத்தலைப் பற்றியது. வடலூரில் 1867-ல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட வள்ளலார் புலாலை உறுதியாக மறுத்தவர். பொருநராற்றுப்படையிலோ, கரிகாலனின் விருந்தில் நாள்தோறும் கறி தின்று தின்று பொருநனின் பற்கள் மழுங்கிப்போகின்றன. இரண்டும் நம்முடையவை. உயிர் இரக்கத்தால் கறியை விட்டேன் என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த மண்ணில் வேர் இருக்கிறது. கறி சமைத்து ஊருக்கே போட்ட பாட்டனுக்கும் இருக்கிறது. பேத்தி இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் கோபம் வடியும். "அப்பத்தா, ஒங்க கையால ஆக்குன கறியில ஒரு கொறையும் இல்ல. ஆட்ட அறுக்குறத பாத்த அன்னையிலேருந்து எனக்கு எறங்க மாட்டேங்குது" என்று காரணத்தைச் சொல்வதும், "நீங்கல்லாம் பிணம் திங்கிறீங்க" என்பதும் ஒரே கொள்கையிலிருந்து வரலாம். கேட்பவர் மனதில் அவை போய் விழும் இடம் வேறு.

பெரியவர்கள் பக்கம் விட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. "கறிய தள்ளிட்டு, குழம்பு மட்டுமாவது ஊத்திக்கோ." எத்தனை வீடுகளில் கேட்கும் வார்த்தை இது! பாசத்தில்தான் சொல்கிறார்கள். சில வீடுகளில் சொல்லாமலே பருப்பில் எலும்புச் சாற்றைக் கலந்துவிடுகிறார்கள். ரசத்தில் கருவாட்டுத் தண்ணீர். தெரிந்த அன்று போகும் நம்பிக்கை திரும்ப வருவது கடினம். லண்டனில் சட்டம் படிக்கப் போன காந்தி, முட்டை இறைச்சியா இல்லையா என்று அங்கிருந்த சைவ நண்பர்கள் சொன்ன வகைவகையான விளக்கங்களை எல்லாம் யோசித்துவிட்டு, தன் தாய் எதை இறைச்சி என்று நினைத்து வாக்கு வாங்கினாரோ அதுவே தனக்குச் சட்டம் என்று முட்டையை விட்டார். மகன் தாய்க்குக் கொடுத்த அந்த மதிப்பை, இன்று தாய் மகளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தனிச் சட்டி ஒன்று, தனிக் கரண்டி ஒன்று, கறி வைக்கும் நாளிலும் கூடவே ஒரு கெட்டிப் பருப்பு. இதற்கு மேல் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பதிலுக்குப் பேத்தியும் கிடாவெட்டு நாளில் விலகி நிற்காமல் இலை போடலாம், சோறு பரிமாறலாம், பந்தியில் உட்கார்ந்து தன் பங்குக்குக் கத்தரிக்காய் கூட்டைச் சாப்பிடலாம்.

வளர்ந்தவர் ஒருவரின் தட்டைப் பற்றிய இந்த வாதம் ஒருநாள் தணிந்துவிடும். அது மறுபடி மூளும் நேரம், அவள் கருவுறும்போது. அப்போது பேசப்படுவது இன்னொரு உயிரின் சாப்பாடு. பிரசவமான பெண்ணுக்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டு செய்து காத்திருக்கும் குடும்பம் சும்மா இருக்காது. இங்கே நிபுணர்களே ஒரே குரலில் பேசியதில்லை. நன்கு திட்டமிட்ட தாவர உணவு கர்ப்பம், குழந்தைப்பருவம் உட்பட எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று 2016-ல் அமெரிக்க உணவியலாளர் சங்கம் சொன்னது. அதே ஆண்டில் ஜெர்மானிய ஊட்டச்சத்துச் சங்கம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றது. பி12 இல்லாத தாயின் பாலை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீனெண்ணெயில் உள்ள டிஹெச்ஏ கொழுப்பும் அயோடினும் இந்தக் காலத்தில் தனிக் கவனம் கேட்பவை. பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ மாத்திரை கிடைக்கிறது. அயோடின் கலந்த உப்பு எல்லாக் கடையிலும் இருக்கிறது. இதில் கொள்கைப் பிடிவாதத்துக்கும் இடமில்லை, "எங்க காலத்துல டாக்டரையா கேட்டோம்" என்பதற்கும் இடமில்லை. கரு உறுதியானதும் முதல் பரிசோதனைக்கு மகளும் தாயும் சேர்ந்தே போய், பி12, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லி, என்ன சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் இணை உணவு தொடங்கும்போது, முட்டையின் மஞ்சள் கருவா மசித்த பயறா என்பதையும் அதே மருத்துவர் முன்னால் வைத்துப் பேசலாம்.